ஜூன் ஒன்றாம் தேதி ரோஜா

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று என்னோடு இருபத்தாறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பிறந்த நாள். தலைமை ஆசிரியர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. தொட்டவர்கள் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இதே கதைதான். ஐம்பதைத் தாண்டியவர்களின் ஆதார் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருப்பார்கள்.

என் பெயர் ஹேமாவதி. திருத்தணியில் சரவணப் பொய்கைப் பக்கம், மலைப்படிக்குப் போகிற வழியில் பூக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் ஒரு கூடையோடு உட்கார்ந்தவள். இப்போது தகரக் கூரை, மின்விசிறி, ஒரு பழைய பிரிட்ஜ் எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் ஆனந்தன் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வருவார். கட்டுவது, விற்பது, பேரம் பேசுகிறவர்களோடு சண்டை போடுவது மூன்றும் என் வேலை. மூன்றாவதில்தான் எனக்குக் கொஞ்சம் பெயர் அதிகம்.

மருமகள் சினேகா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறாள். நல்ல பெண், ஒரு குறையும் சொல்ல முடியாது. ரயிலில் உட்கார்ந்து போனில் எதையாவது படித்துவிட்டு வந்து அத்தனையையும் என்னிடம் ஒப்பிப்பாள், அது ஒன்றுதான். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கடையில் துளசி மாலை கட்டி மாளாமல் கிடந்த நேரத்தில், முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு பூ இருக்குது, தெரியுமா? நாம எந்த மாசம் பொறந்தமோ அந்தப் பூ நம்மளது."

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"ரொம்ப பழைய பழக்கம் அத்தை. ரோமாபுரியில பொறந்த நாளைக்கி பூ வெச்சுதான் கும்புடுவாங்களாம். அப்பறம் இங்கிலாந்துல ராணி காலத்துல, வாயால சொல்ல கூச்சமா இருக்கிறதை பூவை அனுப்பி சொல்லுவாங்களாம். இந்தப் பூ வந்தா ஆசை, அந்தப் பூ வந்தா வருத்தம்னு அர்த்தம். அதுலருந்து இது வந்துச்சு."

"கோவத்துக்கு எந்தப் பூ?"

அவள் போனில் தேடினாள். "மஞ்சள் கார்னேஷன் குடுத்தா, உன்னை எனக்குப் புடிக்கலைன்னு அர்த்தமாம்."

"அதுக்கு எதுக்கு பூவை செலவு பண்ணணும். நான் வாயாலயே சொல்லிடுவேன்."

"ஆங், அது ஊருக்கே தெரியும்" என்று சிரித்துவிட்டு அவள் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தாள். ஜனவரிக்குக் கார்னேஷன். கல்யாண மேடைக்கு வெளியூரிலிருந்து பெட்டியில் வருகிற பூ. தையில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பிப்ரவரிக்கு வயலட், மார்ச்சுக்கு டாஃபடில், ஏப்ரலுக்கு டெய்சி. மல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற சித்திரையில் டெய்சியாம். அக்டோபருக்குத் துலுக்கச் சாமந்தி, நவம்பருக்குச் சாமந்தி என்று வந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டேன். பட்டியல் போட்டவன் ஆயுத பூஜையைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. டிசம்பருக்கு நார்சிசஸ் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"டிசம்பர் பூன்னு ஒண்ணு வேலி பூரா ஊதாவா பூத்துக்கினு நிக்குதே, பேரிலயே மாசத்தை வெச்சுக்கினு. அதை விட்டுட்டு இன்னாத்துக்கு இன்னொண்ணு?"

எனக்கு இந்த விஷயத்தில் கர்வம் உண்டு, மறைக்கவில்லை. முப்பத்து நான்கு வருடமாகப் பூவோடு உட்கார்ந்திருக்கிறேன். நாள்காட்டி இல்லாமல் மாதம் சொல்லுவேன். மல்லியின் விலை தரையில் கிடந்தால் சித்திரை. காவடிக்கென்று வண்டி வண்டியாகப் பூ இறங்கினால் ஆடிக் கிருத்திகை. தாழம்பூவைப் பாம்பு இருக்குமோ என்று பயந்து பயந்து பிரித்தால் ஆவணி. மல்லி அரும்பு மலராமல் விறைத்து, நாலு முழம் விற்கிற காசுக்கு ஒரு முழம் விற்றால் மார்கழி. இந்த மலை மேலே இந்திரன் சுனை வெட்டி நீலோற்பலம் நட்டான், அது வேளைக்கு ஒன்றாக நாளைக்கு மூன்று பூ பூத்தது என்பார்கள். பூ வைத்து நேரம் பார்த்த ஊர் எங்களுடையது. எங்களுக்கு ரோமாபுரிக்காரன் வந்து சொல்ல வேண்டுமா?

"சரி, உங்களுக்கு எது வருது பாருங்க" என்றாள் சினேகா. "ஜூன். ரோஜா. அன்புன்னு அர்த்தம் அத்தை. அதனால நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். கோச்சுக்கக் கூடாது. அம்மையார்குப்பத்துல தறி போட்டிருக்காரே பங்காரு மாமா, அவருகிட்ட தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு புடவை சொல்லியிருக்கேன். முந்தானையில ரோஜா போட்டு."

கோபித்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன பிறகும் கோபித்துக்கொண்டேன். "அந்த ரோஜா எனக்கு வேணாம். அந்தப் புடவையைக் கொண்டுபோயி எங்க எட்மாஸ்டர் சமாதிக்கு சாத்து" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வாழைப்பழக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சினேகாவின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. அந்தப் பெண் தன் சம்பளத்தில், எனக்காக, யோசித்து யோசித்து ஒன்றைச் செய்திருக்கிறாள். அதனால் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

நான் பிறந்த அன்றே என் அம்மா இறந்துபோனாள். அவள் பெயர் கன்னியம்மாள். ஒரு போட்டோ கூடக் கிடையாது. அப்போது எங்கள் குடும்பம் அம்மையார்குப்பத்து ஓரத்தில், சொந்த நிலத்தை ஒட்டிய வீட்டில் இருந்தது. பக்கத்துத் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். அந்தத் தெருவிலிருந்த பாஞ்சாலி என்பவள், தன் மகன் பங்காரு இருபது நாள் குழந்தையாக இருக்கும்போது, எனக்கும் சேர்த்துப் பால் கொடுத்து உயிரோடு வைத்தாள். எனக்கு மூன்று வயதானதும் என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மணவூரில் அவருடைய அக்கா வீட்டோடு என்னைக் கொண்டுபோய் வைத்து, அங்கேயே பயிர் செய்தார்.

நான் பிறந்த நாள் எது என்று தெரிந்தால் அம்மா இறந்த நாள் தெரிந்துவிடும். அதுதான் எனக்கு வேண்டும். பிறந்த நாள் கேக்கு வெட்டுகிற ஆசை எனக்கில்லை. வருடத்தில் ஒரு நாள், இது என் அம்மாவுடைய நாள் என்று ஒரு விளக்கேற்றி, ஓர் இலை போட்டுப் படைக்க வேண்டும். நைனாவிடம் எத்தனையோ தடவை கேட்டேன். ஞாபகம் இல்லை என்பார். அவர் பெயர் வேணு; வேணு என்றால் சுற்று வட்டாரத்தில் கெட்டிக்கார விவசாயி என்று பெயர். எந்தப் பசு எந்த வருடம் எந்தக் கிழமை கன்று போட்டது என்பதெல்லாம் கேட்டால் சொல்லுவார். பெண்டாட்டி செத்த நாள் மட்டும் ஞாபகம் இல்லையாம். அத்தையும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள். நைனா கண்ணை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூடக் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் எழுந்து வந்துவிட்டேன். அவருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், மனசு மட்டும் ஆறவில்லை.

திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுத்தால் போதும் என்று ஐயர் சொன்னார். எல்லோருக்கும் பொதுவாக வைக்கிற சோற்றில் என் அம்மாவுக்கும் ஒரு பிடியா என்று இருந்தது. எங்கள் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருடத்தின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் முப்பத்தொன்றில் படித் திருவிழா நடக்கும்போது, ஒவ்வொரு படிக்கும் ஒரு பூ வைத்துக்கொண்டே நான் ஏறுவேன். அதில் ஏதோ ஒரு படி அவளுடையது. எது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் வைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக முட்டி வலியோடு வைக்கிறேன்.

சினேகா முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். பிறகு, "பாஞ்சாலி ஆயாகிட்ட கேக்கலையா?" என்றாள்.

"மூணு தடவை கேட்டேன். மாசமாவது சொல்லுன்னேன். தெரியலை, ஞாபகம் இல்லைன்னே சொல்லிக்கினு இருந்தாங்க. மூணாவது தடவை நானும் நல்லா கத்திட்டு வந்துட்டேன். ஒன்பது வருசம் ஆவுது. அப்பறம் கல்யாணம் காட்சிக்கு பாத்துக்கினதோட சரி."

அவள் எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள். "புதன்கிழமை லீவு போடறேன். புடவைக்கு ரோஜா வேணாம்னு மாமாகிட்ட நேர்ல சொல்லணும்ல? ரெண்டு பேரும் போலாம்" என்றாள். எனக்குக் கோபம் வருமென்று தெரிந்தால், அவள் முடிவு செய்துவிட்டுத்தான் சொல்லுவாள்.

புதன்கிழமை கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஆர்.கே.பேட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். ஒரு பந்து கதம்பம் கட்டி எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடக் கோபத்தோடு வெறுங்கையாகப் போக எனக்கே கூச்சமாக இருந்தது.

அம்மையார்குப்பத்தில் பங்காருவின் வீட்டு முன்கூடத்தில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கேட்காது. பங்காரு கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டான். அவனுக்கும் ஐம்பத்தேழு வயது, என்னைவிட இருபது நாள் பெரியவன். அவனுடைய ஆதாரிலும் ஜூன் ஒன்றுதான். பின்கட்டில் பாஞ்சாலி ராட்டையின் முன்னால் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கிய கை, ஆனால் நூல் அறவில்லை. என்னைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்தினாள்.

"வா ஹேமா. இளைச்சுப் போயிட்டியே" என்றாள். நான் வருடம் இரண்டு கிலோ ஏறிக்கொண்டிருக்கிறேன். கதம்பத்தை அவள் மடியில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திட்டிவிட்டுப் போனவள் வந்திருக்கிறாளே என்ற எண்ணம் அந்த முகத்தில் எங்கும் இல்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பங்காரு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தான். கட்டம் கட்டமாக ரோஜா வரைந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிச் சத்தம் நின்றதும் வீடே பெரிதாகிவிட்டது போல் இருந்தது.

"மாமா, ரோஜா வேணாம். அத்தை ஜூன்ல பொறக்கலையாம்" என்றாள் சினேகா.

"நானுந்தான் பொறக்கலை" என்றான் பங்காரு. "அதுக்கு இன்னா இப்போ? ரோஜா நல்லாத்தானே கீது."

நான் பாஞ்சாலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ராட்டையை மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தாள். இந்தப் பேச்சு வந்தாலே அவளுக்கு வேலை வந்துவிடும். எனக்குத் தெரிந்த நாடகம்தான். சரி, வந்ததற்கு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

சினேகா தரையில் சப்பணமிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பூ, எங்கேயோ வெளிநாட்டில் இப்படி ஒரு வழக்கம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். கிழவிக்குப் படம் பார்ப்பதில் ஆசை. ராட்டையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது கத்திரிப்பூ மாதிரி கீது", "இது இன்னா, வெங்காயத் தாளா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊர்க்காரங்களுக்கு அந்தப் பூ. நமக்கு நம்ம வேலியில பூத்ததுதானே ஆயா சரி?" என்றாள் சினேகா.

"ஆங், பின்ன?"

"அப்போ அத்தை பொறந்த அன்னிக்கி வீட்டுல இன்னா பூ இருந்துச்சு?"

"பூசணிப்பூதான்" என்றாள் பாஞ்சாலி, கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல். "வாசல்ல வெக்கிறதுக்கு உங்க அத்தையோட அம்மாவே வேலியிலருந்து பறிச்சாந்து முறத்துல வெச்சிருந்தா. பதினோரு பூ. கோலம் போட்டு முடிக்கல, சாணி உருண்டை புடிச்சுக்கினு இருக்கும்போதே வலி எடுத்துக்கிச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கை வாய்க்குப் போனது.

என் கடையில் நான் ஒருநாளும் விற்காத பூ பூசணிப்பூ. அதைக் கட்ட முடியாது, தொடுக்க முடியாது, மதியத்தைத் தாண்டி நிற்காது, காசு கொடுத்து எவரும் வாங்கமாட்டார்கள். ஆனால் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டை பிடித்து, அதன் மேல் பூசணிப்பூ வைப்பது வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான்.

"மார்கழி" என்றேன். "சின்னம்மா, மார்கழியா?"

பாஞ்சாலியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பங்காரு தன் அம்மாவின் தோளைத் தொட்டு, "சொல்லிடும்மா. அவரே போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. இன்னும் யாருக்காக வெச்சுக்கினு கீறே?" என்றான். அப்படியென்றால் இவனுக்கும் தெரியும்.

"சத்தியம் வாங்கிக்கினாரு உங்க நைனா" என்றாள் பாஞ்சாலி. "மாசம் சொல்லக் கூடாது, நாள் சொல்லக் கூடாது, நட்சத்திரம் சொல்லக் கூடாதுன்னு. கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணேன். பூவைப் பத்தி அவரும் சொல்லல. நானும் நெனைக்கல. இந்தப் பொண்ணு கேட்டதும் வாயில வந்துட்டுது."

பிறகு எல்லாம் சொன்னாள். மார்கழித் திருவாதிரை அன்று நான் பிறந்தேன். ஆருத்ரா தரிசனத்துக்கென்று ஊர்ப் பெண்கள் முதல் நாளே திருவாலங்காட்டுக்குப் போய்விட்டார்கள். மருத்துவச்சியும் அவர்களோடு போயிருந்தாள். பச்சை உடம்புக்காரி என்பதால் பாஞ்சாலி மட்டும் போகவில்லை. நைனா ஓடிவந்து கூப்பிட்டதும் பங்காருவை மாமியாரிடம் போட்டுவிட்டு ஓடினாள். உச்சி வேளைக்கு நான் பிறந்தேன். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. நைனா வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சுமங்கலி, தலை வெறுமனே போவக் கூடாது. மல்லிக்கு எங்க போவேன் அன்னிக்கி? முறத்துல அவ பறிச்ச பூவேதான் இருந்துச்சு. வாடிப்போயிருந்துச்சு. தண்ணி தெளிச்சு, அதையே அவ தலையில வெச்சேன். வெச்சுட்டு உன்னைத் தூக்கிப் பால் குடுத்தேன். நீ கத்தின கத்தல் இன்னும் காதுல கீது."

"நைனா ஏன் சின்னம்மா சொல்லக் கூடாதுன்னாரு?" என்றேன்.

"உங்கம்மாவை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தி சொன்னா. யாருன்னு கேக்காதே, அவளும் போயிட்டா. ஆத்தாவை முழுங்கிட்டு வந்து படுத்துக்கினு கீது பாருன்னு, உன்னைக் காமிச்சு. உங்க நைனா காதுல உழுந்துடுச்சு. பதினாறாம் நாள் இங்க வந்தாரு. 'பாஞ்சாலி, என் பொண்ணு பொறந்த நாள் தெரிஞ்சாத்தானே வருசா வருசம் அதையே சொல்லுவாங்க? எம் பொண்ணுக்கு அந்த நாளே வேணாம். அவளுக்கும் தெரிய வேணாம், தெரிஞ்சா அவளே அவளைச் சொல்லிக்குவா. எங்கக்காகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்'னாரு. உனக்கு வெவரம் தெரியறதுக்குள்ள ஊரையே விட்டு இட்டுக்கினு போயிட்டாரு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பெண்டாட்டி செத்த நாளை மறந்துபோன மனிதர் என்று இத்தனை வருடம் அவரை மனசுக்குள் ஏசியிருக்கிறேன். சாகக் கிடந்தவரிடம்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுந்து வந்தவள் நான். நான் ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும் என்று அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நைனா, நைனா என்று வாய்விட்டு அழுதேன். சினேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

அழுது முடித்தபோது உள்ளே ஒரு வருத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. "ஆனா சின்னம்மா, எங்கம்மாவுக்குன்னு ஒரு நாள் இல்லாமலே போயிடுச்சே. ஐம்பத்தேழு வருசம் ஒரு இலை போடலையே யாரும்" என்றேன்.

பாஞ்சாலி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"யாரு சொன்னா போடலைன்னு? உங்க நைனா ஒவ்வொரு திருவாதிரைக்கும் காலையில முதல் பஸ்ஸுக்கு இங்க வந்துடுவாரு. மணவூருல உன்னாண்ட, நெல்லு விக்கப் போறேன், ஆர்.கே.பேட்டையில மாடு பாக்கப் போறேன்னு ஏதாச்சும் சொல்லிட்டு வருவாரு. தோ, இந்தப் பின்கட்டுலதான் வெளக்கு ஏத்தி, இலை போட்டு, களி கிண்டி, பூசணிக்கா கூட்டு வெச்சுப் படைப்போம். அவரே பரிமாறுவாரு. போவும்போது எங்க தறியிலருந்து உனக்குப் பாவாடைத் துணி ஒண்ணு வாங்கிக்கினு போவாரு. பொங்கலுக்குன்னு குடுத்திருப்பாரு உன்னாண்ட."

கொடுத்தார். வருடா வருடம் கொடுத்தார். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். ஊரில் எல்லோரையும்விட எனக்குத்தான் பொங்கல் துணி முன்கூட்டியே வரும். அதை நான் பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிறந்த நாள் உடுப்பென்று எனக்குத் தெரியாது.

"அவரு போனப்பறம்?" என்று சினேகாதான் கேட்டாள்.

"அவரு போனா இன்னா? அவ எனக்கு ஆருன்னு நெனைச்சே? என் பொண்ணைப் பெத்தவ" என்றாள் பாஞ்சாலி. "நான் போட்டுக்கினு கீறேன். போன மார்கழிக்கும் போட்டேன். முட்டி மடங்கலை, பங்காருதான் வெளக்கு ஏத்தினான். பூவுக்குன்னு இந்த வேலியில ஒரு பூசணிக் கொடி எப்பவும் உட்டு வெச்சிருப்பேன்."

என்னைச் சேர்ந்தவர்கள் என்று நான் நினைத்தவர்கள் யாரும் இல்லாத ஒரு வீட்டில், கத்திவிட்டுப் போய் ஒன்பது வருடம் எட்டிப் பார்க்காத ஒருத்தியின் அம்மாவுக்கு, ஒரு தறிக்காரக் குடும்பம் வருடம் தவறாமல் இலை போட்டிருக்கிறது. சண்டைக்கென்றால் எனக்கு வாய்க்குப் பஞ்சமே இல்லை, நன்றி சொல்லத்தான் பழக்கமில்லை. அவள் காலடியில் விழுந்தேன். நூல் பிசிறு ஒட்டிய அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். "எழுந்திரு ஹேமா, தார்க்குச்சி குத்தப் போவுது" என்றாள் அவள்.

கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்தது. பங்காரு போய் நிறுத்திவிட்டு வந்தான். ரோஜா வரைந்த காகிதத்தை மடித்துக்கொண்டே, "அப்போ முந்தானைக்கு பூசணிப்பூ போடணுமா? முப்பத்தஞ்சு வருசத் தொழில்ல எவளும் கேக்கலை" என்றான். "மஞ்சள் நூல் நல்லதா போடுங்க மாமா" என்றாள் சினேகா. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இந்தப் பெண் அந்த ரயிலில் இன்னும் என்னவெல்லாம் வேண்டுமானாலும் படிக்கட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பாஞ்சாலிக்கு மட்டும் கவலை தீரவில்லை. "சத்தியத்தை உட்டுட்டேனே. அவரு மொகத்துல எப்படி முழிப்பேன் மேல போயி" என்றாள்.

"நீ மாசத்தைச் சொல்லல சின்னம்மா. பூவைத்தான் சொன்னே. நைனா கேட்டா, பூக்காரி கண்டுபுடிச்சுட்டான்னு சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நீ உங்க வீட்டுலயே படைப்பே. அதுதானே முறை. நான் குடுத்துட வேண்டியதுதான்" என்றாள். மடியிலிருந்த கதம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எடுத்துக்கினு போறதுக்கு வரலை" என்றேன். "இந்த மார்கழிக்கும் இங்கயேதான். நான் முந்தின நாளே வந்துடறேன். பூவை நான் பறிக்கிறேன், களியை நீ கிண்டு. எங்கம்மாவுக்குப் போட்டதும், பக்கத்துல எனக்கு ஒரு இலை போடு சின்னம்மா. பொறந்த நாள் சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்லை."